மாத்திரை முதல் நாளே வேலை செய்கிறது என்றால் மனசு தேற ஏன் வாரக்கணக்கு?

தெம்பனிஸ் மலர் | திங்கள், இரவு 9.42

வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 24. சில மாதங்களாகவே சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வேலை விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கெஞ்சிக் கூத்தாடிப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டாலோப்ராம் எழுதிக் கொடுத்தார்கள். "முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குமட்டல், கை நடுக்கம், முன்பைவிடப் படபடப்பு. "இது என்னை இன்னும் மோசமாக்குதுக்கா, நான் போடப் போறதில்ல" என்கிறான். அப்பாவும் "அந்த மாத்திரை எதுக்கு, கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்" என்று அவன் பக்கம் பேசுகிறார்.

என் கேள்வி இதுதான். செரோட்டோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வேதிப்பொருளாம். வெளியே விட்ட செரோட்டோனினை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இந்த மாத்திரை தடுக்கிறது என்று படித்தேன். அந்தத் தடை முதல் நாளே வந்துவிடுகிறதாம். அப்படியானால் மனசு தேற மட்டும் ஏன் இத்தனை வாரம்? தம்பி பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் படித்தவன். "பொறுத்துக்கோ" என்றால் கேட்க மாட்டான், காரணம் சொன்னால் கேட்பான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஜூரோங் குமரன் | திங்கள், இரவு 10.15

அந்தச் செரோட்டோனின் கதையே நிற்காது, மலர். 2022ல் லண்டனில் ஜோவன்னா மொன்கிரீஃப் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று வெளியிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் பேசிவிட்டு "மூளையில கெமிக்கல் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பரிசோதனையும் கிடையாது. குறைந்திருக்கிறது என்று எதை அளந்து சொன்னார்கள்? இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. உங்கள் தம்பி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

---

கேலாங் மருந்தாளர் | திங்கள், இரவு 10.31

விவாதம் பிறகு நடக்கட்டும். மலர், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்ப நாட்களில் படபடப்பு கூடுவது பலருக்கும் வருவதுதான். ஆனால் தம்பிக்கு 24 வயது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட்டிருக்கிறது. 2004ல் சிறுவர்களுக்கு, 2007ல் இளையர்களுக்கும் சேர்த்து. அதனால் அவனிடம் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறான், இரவெல்லாம் நடக்கிறான், இல்லை அப்படி ஏதாவது சொல்கிறான் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். மருந்தகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். நம் சிங்கப்பூரில் 1767 சமாரிட்டன்ஸ் தற்கொலைத் தடுப்பு எண், 1771 தேசிய மனநல உதவி எண், இரண்டும் நாள் முழுக்க உண்டு. ஆபத்து என்றால் 995 ஆம்புலன்ஸ்.

குமட்டலுக்குக் காரணம் எளிது. உடம்பில் இருக்கும் செரோட்டோனினில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. மாத்திரை மூளைக்கு மட்டும் போவதில்லை. செரோட்டோனின் வந்து ஒட்டும் புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். குடலில் உள்ள 5-எச்டி3 என்ற வகை ஏற்பிகள் கிளறப்படுவதால் குமட்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள்.

---

தெம்பனிஸ் மலர் | திங்கள், இரவு 11.05

கேட்டேன் அண்ணா. அப்படி எதுவும் தோணவில்லை என்றான். நான் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ கேட்டது நல்லதுக்கா" என்றான். நாளைக் காலை மருந்தகத்துக்குப் போன் போடுகிறேன்.

---

புவன விஸ்தா | செவ்வாய், காலை 7.20

மலர், உங்கள் தம்பி கேட்பது ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டு வரும் கேள்வி. செல் சமிக்ஞை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏற்பி. செல் சவ்வில் ஏற்பிகள் அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. எத்தனை ஏற்பி வெளியே இருக்க வேண்டும், வரும் சமிக்ஞைக்கு அவை எவ்வளவு துடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் செல் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். விரைவுச்சாலை ஓரத்து வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வண்டிச் சத்தம் கூடினால் ஜன்னலைச் சாத்துவார்கள், அடங்கினால் திறப்பார்கள். செல்லும் அப்படித்தான்.

இதை மிக நுணுக்கமாகப் பார்த்தது பீட்டா அட்ரினலின் ஏற்பியில். அட்ரினலின் வந்து ஒட்டியதும் ஏற்பியின் உருவம் மாறும், சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதம் உள்பக்கம் கிளம்பும். அதே உருவமாற்றத்தை ஜிஆர்கே என்ற நொதியும் கண்டுகொண்டு, ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட்டுகளை ஒட்டிவிடும். பாஸ்பேட் ஒட்டிய வாலை பீட்டா அரெஸ்டின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஜி புரதத்துக்கு அங்கே இடமில்லை. இவ்வளவும் நொடிகளில், சில நிமிடங்களில் நடந்து முடியும். சமிக்ஞை அப்போதும் ஓயவில்லை என்றால் அந்த இடத்தில் சவ்வு குழியும். கிளாத்ரின் புரதம் குழியைச் சுற்றிக் கூடு கட்டி, ஏற்பியை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன ஏற்பி பாஸ்பேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி மேலே வரலாம், இல்லாவிட்டால் செல்லின் குப்பைக்கிடங்கான லைசோசோமுக்குப் போய்ச் சிதைந்து போகலாம். நாள்கணக்கில் நீடித்தால் ஏற்பிக்கான மரபணுவைப் படிப்பதையே செல் குறைத்துவிடும். இந்த ஏற்பிக் குடும்பத்தை அவிழ்த்துக் காட்டியதற்குத்தான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி மாத்திரை. மூளையில் செரோட்டோனின் தயாரிக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில், ராஃபே என்ற பகுதியில் இருக்கின்றன. மொத்தமே சில லட்சம்தான். ஆனால் அவற்றின் இழைகள் போகாத இடம் மூளையில் அநேகமாக இல்லை. அந்த நரம்பணுக்களின் உடல்மீதே 5-எச்டி1ஏ என்ற ஏற்பி இருக்கிறது. சுற்றிலும் செரோட்டோனின் எவ்வளவு இருக்கிறது என்று கவனிப்பது அதன் வேலை. அதிகமாகிவிட்டால் பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிடும், நரம்பணுவின் துடிப்பு அடங்கிவிடும்.

இப்போது முதல் மாத்திரை போட்ட நாளைப் பாருங்கள். சில மணி நேரத்தில் உறிஞ்சும் பம்பு அடைபடுகிறது. ராஃபே பகுதியிலேயே செரோட்டோனின் ஏறுகிறது. கவனித்துக்கொண்டிருந்த 5-எச்டி1ஏ உடனே துடிப்பை அடக்குகிறது. ஒரு பக்கம் பம்பு அடைப்பு, மறுபக்கம் உற்பத்தி செய்யும் நரம்பணுவே அடங்கிக் கிடக்கிறது. அதனால் மூளையின் முன்பகுதிக்குப் போய்ச்சேரும் செரோட்டோனின் நினைத்த அளவுக்கு ஏறுவதில்லை.

இரண்டு மூன்று வாரம் மாத்திரை தொடர்ந்தால் அந்த 5-எச்டி1ஏ ஏற்பி சளைத்துப் போகிறது. துடிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. பம்பு இன்னும் அடைபட்டேதான் இருக்கிறது. அப்போதுதான் இழை முனைகளில் செரோட்டோனின் உண்மையாகவே கூடுகிறது. மொன்ட்ரியலில் குளோட் டி மொன்டினி, பியேர் பிளியே இருவரும் 1980களில் எலிகளின் ராஃபே நரம்பணுக்களில் மின்துடிப்பை அளந்து காட்டியது இது. காலக்கணக்கு நோயாளிகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: மாத்திரை தாமதிக்கவில்லை. மாத்திரைக்கு உன் செல்கள் கொடுக்கும் பதில்தான் மெதுவாக வருகிறது. அந்தப் பதில்தான் மருந்து.

---

உயிரியல் டீச்சர் | செவ்வாய், மதியம் 1.10

தொடக்கக் கல்லூரியில் இதே ஜி புரத ஏற்பியைத்தான் பாடமாக நடத்துகிறேன். பாடத்தில் குளுக்ககான் என்ற ஹார்மோன் வந்து ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஏற்பி உள்ளே இழுக்கப்படுவது வரை பிள்ளைகள் போவதே இல்லை.

ஐயா, ஒரு சந்தேகம். 5-எச்டி1ஏ ராஃபேயில் மட்டும் இல்லையே. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் நிறைய இருக்கிறது. செரோட்டோனின் கூடும்போது அங்கேயும் அது சளைத்துப் போனால், கூடியதால் என்ன லாபம்?

---

புவன விஸ்தா | செவ்வாய், இரவு 8.45

டீச்சர், சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

ஏற்பி ஒன்றே, புரதமும் ஒன்றே, உட்கார்ந்திருக்கும் செல் வேறு. எலி மூளையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தபின் ராஃபே நரம்பணுக்களில் 5-எச்டி1ஏ சவ்விலிருந்து உள்ளே போயிருந்தது. ஹிப்போகாம்பஸில் போகவில்லை, சவ்விலேயே இருந்தது. இரண்டு இடத்திலும் அது கைகோத்திருக்கும் ஜி புரத வகை வேறு என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால் அடக்கும் ஏற்பி சளைக்கிறது, பலனைத் தரும் ஏற்பி விழித்தே இருக்கிறது.

இன்னொன்று. நீண்ட நாள் மருந்துக்குப் பிறகு ராஃபேயில் ஏற்பிகளின் எண்ணிக்கையை அளந்தால் பல ஆய்வுகளில் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. ஏற்பிக்கும் ஜி புரதத்துக்கும் உள்ள தொடர்புதான் தளர்ந்திருந்தது. எண்ணிக்கை குறைவதும், இருக்கும் ஏற்பி பதில் சொல்லாமல் போவதும் வேறு வேறு. இணையத்தில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

---

ஜூரோங் குமரன் | செவ்வாய், இரவு 9.30

எல்லாம் எலி. மனிதனுக்கு அப்படித்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் சொன்ன 2022 ஆய்வுக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அது மட்டும் இல்லை. நீங்கள் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். செல் மருந்துக்கு எதிராகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றால், மருந்து ஒரு புதுச் சமநிலையை உண்டாக்குகிறது என்றுதானே அர்த்தம்? குறைந்ததை நிரப்புகிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?

---

புவன விஸ்தா | செவ்வாய், இரவு 10.50

குமரன், உங்கள் இரண்டாவது கேள்வியோடு எனக்கு முழு உடன்பாடு. "குறைந்ததை நிரப்புகிறோம்" என்று நோயாளியிடம் சொல்வதை விட்டொழிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியது தவறு.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மருந்திலிருந்து பின்னோக்கிப் போய் ஊகித்ததுதான். 1952ல் நியூயார்க்கில் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது அவர்கள் சோர்வு நீங்கி உற்சாகமானார்கள். அந்த மருந்து செரோட்டோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது தெரிந்திருந்தது. நம் ஊர் வைத்தியத்தில் தெரிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்த ரெசர்பின் ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டது. அது நரம்பணுவின் சேமிப்பைக் காலி செய்யும். அதைச் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுந்ததாகச் சொன்னார்கள். கூட்டினால் தேறுகிறது, குறைத்தால் விழுகிறது, ஆகவே நோயே குறைபாடுதான் என்று 1960களில் முடிச்சுப் போட்டார்கள். தலைவலி ஆஸ்பிரினுக்குக் கேட்கிறது என்பதால் தலைவலி ஆஸ்பிரின் குறைபாடு ஆகிவிடாது.

ஆனால் 2022 ஆய்வு கேட்டது "குறைவாக இருக்கிறதா?" என்ற கேள்வியை. "மருந்து பலன் தருகிறதா?" என்பது அதன் கேள்வி இல்லை. அதற்கு 2018ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சிப்ரியானி குழுவின் ஆய்வைப் பாருங்கள். 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். எல்லா மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் இருக்கிறது. முதலில் கொடுக்கும் மருந்திலேயே முழுமையாகத் தேறுபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி ஆய்வு காட்டியது. மற்றவர்களுக்கு மருந்தை மாற்றவோ வேறொன்றைச் சேர்க்கவோ வேண்டியிருக்கும். மனநல ஆலோசனையும் வேண்டும். இதையும் நோயாளியிடம் ஒளிக்கக் கூடாது.

எலி மட்டும்தானா என்று கேட்டீர்கள். 1990ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடமே ஒரு சோதனை நடந்தது. செரோட்டோனின் தயாரிக்க உடம்புக்கு டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் வேண்டும். மாத்திரையால் தேறியிருந்தவர்களுக்கு டிரிப்டோஃபன் இல்லாத பானத்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்திலேயே பலருக்குச் சோர்வு திரும்பியது. சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் சரியானது. நோயே வராத ஆரோக்கியமானவர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது அப்படி மனநிலை சரிவதில்லை. அதாவது செரோட்டோனின் குறைவு மட்டுமே மனிதனை மனச்சோர்வில் தள்ளுவதில்லை, ஆனால் மாத்திரையால் தேறியவரின் தேறுதல் செரோட்டோனினைச் சார்ந்திருக்கிறது. நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் இந்த ஒரே சோதனையில் அருகருகே நிற்கின்றன.

---

யீஷூன் சரோஜா | புதன், காலை 6.05

மலர் மா, நான் படிச்ச ஆள் இல்ல, அனுபவத்தைச் சொல்றேன். எங்க காலத்துல மனநல ஆஸ்பத்திரின்னா உட்பிரிட்ஜ்தான். இந்த வியாதின்னு சொன்னாலே "உட்பிரிட்ஜுக்குப் போனவ"ன்னு பேரு வந்துடும். புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம்னு பேரு வந்த பிறகும் எங்க சொந்தக்காரங்க வாயில அது உட்பிரிட்ஜ்தான். அந்தப் பயத்துலேயே நான் ரொம்ப லேட்டாதான் போனேன்.

வென்லாஃபாக்சின் கொடுத்தாங்க. தேறிட்டேன். அப்புறம், நல்லாதானே இருக்கோம்னு நானே ஒருநாள் நிறுத்திட்டேன். ரெண்டாம் நாள் தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுருக் சுருக்குன்னு. கண்ணைத் திருப்பினா அடிக்கும். தலை சுத்தல், அழுகை, ராத்திரியெல்லாம் கெட்ட கனவு. வியாதி திரும்பிடுச்சுன்னு வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க. டாக்டர் மறுபடி ஆரம்பிச்சு மெதுவா மெதுவா குறைச்சார். தம்பிகிட்ட சொல்லுங்க, விடணும்னா டாக்டரைக் கேட்டு விடணும். அப்பாகிட்டயும் சொல்லுங்க, கோயிலுக்கும் போகலாம், மாத்திரையும் போடலாம். நான் ரெண்டும் செஞ்சேன்.

---

கேலாங் மருந்தாளர் | புதன், காலை 9.15

சரோஜாம்மா சொன்ன கரண்ட் அடிப்பது மருந்தை விடும்போது வருவது. நோய் திரும்புவது வேறு. பொதுவாக விட்ட ஓரிரு நாளிலேயே தலைசுற்றல், சுருக் சுருக் என்று வந்தால் அது மருந்து விட்டதன் விளைவு. வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்லத் துக்கம் ஏறினால் நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

வென்லாஃபாக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம்தான் ஆகும். அதனால்தான் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். ஃபுளுவோக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை நேர்மாறு. அதன் சிதைவுப் பொருள் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், தானாகவே மெதுவாக இறங்கும். எஸ்சிட்டாலோப்ராம் இரண்டுக்கும் நடுவில், ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல்.

---

ஜூரோங் குமரன் | புதன், மதியம் 12.40

புவன விஸ்தா ஐயா, டிரிப்டோஃபன் சோதனை பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கிறேன். ஆனால் சரோஜாம்மா சொன்னதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அளவைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தச் சொன்னார்கள். கடைசிப் பாதியில்தான் நொந்துபோனார். செல் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை இவ்வளவு தெரிந்து வைத்திருப்பவர்கள் ஏன் அதை எச்சரிக்கையாகச் சொல்வதில்லை?

---

புவன விஸ்தா | புதன், இரவு 9.10

சொல்ல வேண்டும். கடைசிப் பாதியில் ஏன் கஷ்டம் என்பதற்கு எண்களே இருக்கின்றன.

பம்பு எத்தனை விழுக்காடு அடைபட்டிருக்கிறது என்பதை உயிரோடிருக்கும் மனிதர்களின் மூளையில் பெட் ஸ்கேன் மூலம் அளக்க முடியும். 2004ல் டொரொண்டோவில் அளந்தபோது, வழக்கமான குறைந்தபட்ச அளவிலேயே சுமார் 80 விழுக்காடு அடைபட்டிருந்தது. எஸ்சிட்டாலோப்ராமின் நெருங்கிய உறவான சிட்டாலோப்ராமை எடுத்துக்கொண்டால் 20 மில்லிகிராமில் 80. அதை 40 ஆக்கினால் 86க்குப் பக்கத்தில் போகும், அவ்வளவுதான். கீழே வாருங்கள்: 9 மில்லிகிராமிலும் 70 இருக்கிறது. 5ல் கிட்டத்தட்ட 60. இரண்டு மில்லிகிராம் சொச்சத்தில்கூட 40. ஆக 20லிருந்து 10க்கு வரும்போது சுமார் 10 விழுக்காடுதான் விடுபடுகிறது, 5லிருந்து பூச்சியத்துக்குப் போனால் 60 விழுக்காடு ஒரே அடியாகப் போகிறது. பாதி பாதியாகக் குறைத்தாலும் கடைசிப் படி செங்குத்தாக இருக்கும். அடியில் வர வர மிகச் சிறு அளவுகளாகக் குறைக்க வேண்டும் என்று 2019ல் லான்செட் சைக்கியாட்ரியில் ஹொரோவிட்ஸ், டெய்லர் இருவரும் எழுதியது இதை வைத்துத்தான்.

அந்த 60 விழுக்காடு போகும்போது மறுபக்கம் ஏற்பிகள் இன்னும் மருந்துக்காலத்து ஏற்பாட்டிலேயே இருக்கும். அவை திரும்பிவர நாள் பிடிக்கும். இது மனநல மருந்துக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. ரத்தக் கொதிப்புக்குப் புரோப்ரனலோல் சாப்பிடுபவர்களின் இதயத்தில் பீட்டா ஏற்பிகள் கூடிவிடும், திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடத்து நெஞ்சுவலிகூட வரலாம். அந்த எச்சரிக்கையை எந்த டாக்டரும் மறப்பதில்லை. இதற்கும் அதே அக்கறை வேண்டும். உங்கள் கோபம் நியாயமானது, குமரன்.

---

செங்காங் ரவி | புதன், இரவு 9.55

மலர், நானும் இதே எஸ்சிட்டாலோப்ராம்தான். எனக்கு முதலில் மாறியது மனசு இல்லை. அம்மா தட்டில் சோறு வைத்துவிட்டுப் போனால் நானே முடித்துவிடுகிறேன் என்று அவர்தான் கவனித்தார். நான் அப்போதும் "ஒண்ணும் மாறல"ன்னுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பியிடம் "எப்படி இருக்க" என்று மட்டும் கேட்காதீர்கள், நீங்களும் பாருங்கள்.

---

உயிரியல் டீச்சர் | வியாழன், காலை 7.50

ரவி சொன்னது முக்கியம். ஆக்ஸ்ஃபர்டில் கேத்தரின் ஹார்மர் குழு இதைத்தான் ஆராய்ந்தது. மருந்து தொடங்கிய சில நாளில், சில சோதனைகளில் ஒரே வேளை மருந்திலேயே, முகங்களில் உள்ள மகிழ்ச்சியை அடையாளம் காண்பது மேம்படுகிறது. அவருக்கே "நன்றாக இருக்கிறேன்" என்ற உணர்வு வருவதற்கு முன்பே. அப்படியானால் முதல் இரண்டு வாரம் மூளை சும்மா இருப்பதாகச் சொல்ல முடியாது. உலகத்தைப் பார்க்கும் விதம் முதலில் மெல்ல மாறி, மனிதர்களோடு பழகப் பழக, அதிலிருந்து மனநிலை எழுகிறது என்பது அவர்கள் கருத்து. ஏற்பி சளைப்பது மட்டுமே முழுக்கதை ஆகாது, ஐயா.

---

புவன விஸ்தா | வியாழன், இரவு 8.30

ஆமாம் டீச்சர். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாலும் முன்னேற்றம் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தொடங்கிவிடுவது தெரிகிறது. முழுமை பெறத்தான் நாள் ஆகிறது.

ஏற்பிக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் எங்கே இடிக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 1975ல் வெட்டுலானி, சுல்சர் இருவரும் எலிகளுக்கு வாரக்கணக்கில் மருந்து கொடுத்தபோது மூளையில் நார்அட்ரினலின் என்ற இன்னொரு சமிக்ஞைப் பொருளுக்கான பதில் குறைவதைக் கண்டார்கள். ஏற்பி குறைவதுதான் குணம் என்று பத்து ஆண்டு எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். 5-எச்டி2ஏ என்ற இன்னொரு செரோட்டோனின் ஏற்பியும் பல மருந்துகளால் குறைந்தது. ஆனால் மின்சிகிச்சை கொடுத்த எலிகளில் அதே 5-எச்டி2ஏ கூடியது! கடுமையான மனச்சோர்வுக்கு மின்சிகிச்சையைப்போல் கேட்பது வேறில்லை. அதைவிட ஆச்சரியம், 5-எச்டி2ஏவை அடைக்கும் மியான்செரின் போன்ற மனச்சோர்வு மருந்தும் அதன் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அடைத்தால் கூட வேண்டும் என்பதுதான் நாம் படித்த விதி. இந்த ஏற்பி அந்த விதிக்கு அடங்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் தீராத ஆசை ஏற்பட்டதே இந்த ஒரு ஏற்பியால்தான்.

இப்போது பார்வை ஏற்பியைத் தாண்டிப் போய்விட்டது. நரம்பணுக்கள் புது இணைப்புகள் போட உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதமும், அதன் ஏற்பியான டிஆர்கேபியும் பேசப்படுகின்றன. 2021ல் ஃபின்லாந்தின் ஏரோ காஸ்ட்ரன் குழு, மனச்சோர்வு மருந்துகள் நேராக டிஆர்கேபியிலேயே போய் ஒட்டுகின்றன என்று 'செல்' என்ற ஆய்விதழில் எழுதியது. எல்லா ஆய்வுக்கூடங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கெட்டமின் வகை மருந்து சில மணி நேரத்தில் வேலை செய்வது இன்னொரு பக்கம். எஸ்கெட்டமின் மூக்கு மருந்துக்கு 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது செரோட்டோனின் பம்பைத் தொடாமல், குளுட்டமேட் என்ற வேறொரு சமிக்ஞைப் பொருளின் ஏற்பி வழியாகப் போகிறது. வாரக்கணக்கில் காத்திருப்பது மனச்சோர்வின் இயல்பு அல்ல, நாம் தேர்ந்தெடுத்த வழியின் இயல்பு என்று அது காட்டிவிட்டது.

---

தெம்பனிஸ் மலர் | வெள்ளி, இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. மருந்தகத்தில் பேசினேன், டாக்டரை முன்னதாகவே பார்த்துவிட்டோம். இப்போதைக்கு அளவைக் குறைத்து, மெதுவாக ஏற்றலாம் என்றார். இந்த இழையைத் தம்பிக்கு அனுப்பினேன். முழுசாகப் படித்தான். அவனுக்குப் பிடித்தது அந்த 80 விழுக்காட்டுக் கணக்கு. "அப்ப வளைவு தட்டையாகுற இடத்துல இருக்கு, அளவைக் கூட்டிக்கிட்டே போறதுல பிரயோஜனம் இல்ல" என்று தானே ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனாக எதையோ எனக்கு விளக்கினான். அப்பா இன்னும் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் தடுப்பதில்லை.

ஒரு சின்னக் கேள்வி. அவனுக்கு இப்போது இருமல். வீட்டில் இருக்கும் இருமல் மருந்தைக் கொடுக்கலாமா?

---

கேலாங் மருந்தாளர் | வெள்ளி, இரவு 10.48

பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதுவும் செரோட்டோனினைக் கூட்டும். டிராமடோல் வலி மாத்திரைக்கும் இது பொருந்தும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையும் கூடவே கூடாது. எங்கே போனாலும் மருந்தாளரிடம் "எஸ்சிட்டாலோப்ராம் போடுறேன்" என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் இதே பம்பு வழியாகத்தான் செரோட்டோனினை எடுத்துக்கொள்கின்றன. அதனால் இபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். சாதாரண வலிக்கு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் போதும்.

வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறானா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எஸ்சிட்டாலோப்ராமைச் சிதைக்கும் சிவைபி2சி19 என்ற கல்லீரல் நொதியை அது தடுத்து, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நம் ஆசிய மக்களில் கணிசமானவர்களுக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக இருக்கும், ஐரோப்பியர்களைவிட அதிகம் பேருக்கு. குறைந்த அளவிலேயே படபடப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்.